குழந்தைக்குச் சளி, இருமல்: மூக்கைக் கவனியுங்கள், மூச்சை எண்ணுங்கள்

மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்று சளியைப் பற்றிச் சொல்வது வெறும் கேலி அல்ல. சாதாரணச் சளி வைரஸால் வருவது. இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், 7 முதல் 10 நாளில் தணியும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம் இழுக்கும். பால்வாடிக்கோ ப்ளே ஸ்கூலுக்கோ போகத் தொடங்கிய பிள்ளைக்கு வருடத்தில் ஆறு, எட்டு தடவை சளி பிடிப்பது இயல்புதான். நடுவில் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்கைக் கலக்கிக் கொடுக்காதீர்கள். வைரஸிடம் அது பலிக்காது.

கைக்குழந்தைக்குப் பெரிய தொல்லை மூக்கடைப்பு. வாயால் மூச்சு விட்டுக்கொண்டே பால் குடிக்க முடியாது. இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு அழும். இதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர் சொட்டு மருந்து போதும். பாட்டிலில் ‘சோடியம் குளோரைடு 0.65%’ என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்துகளும் பார்க்க இதேபோலத்தான் இருக்கும். அவை கைக்குழந்தைக்கு ஆபத்து.

பால் கொடுப்பதற்கு 10, 15 நிமிடம் முன்னால் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, தோளுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, வெளியே வருவதைத் துணியால் துடையுங்கள். அப்போதும் கொரகொர என்று கேட்டால்தான் ரப்பர் உறிஞ்சி தேவை. அதன் குமிழை வெளியிலேயே அமுக்கிப் பிடித்து, நுனியை மூக்கின் வாயிலில் மட்டும் வைத்து, மெதுவாகக் கையை விட வேண்டும். உள்ளே நுழைத்த பிறகு அமுக்கினால் காற்று சளியை மேலே தள்ளிவிடும். நாளுக்கு மூன்று, நான்கு தடவைக்கு மேல் உறிஞ்சினால் மூக்கின் உள்தோல் வீங்கி, அடைப்பு இன்னும் கூடும். பால் குடித்த கையோடு இதைச் செய்தால் குடித்ததெல்லாம் வாந்தியாக வந்துவிடும்.

ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு இரவு இருமலுக்குத் தேன் நல்லது: படுக்கும் முன் அரை முதல் ஒரு டீஸ்பூன். ஒரு வயதுக்குள் நாக்கில் தொட்டு வைப்பதுகூட வேண்டாம். பாட்டுலிசம் என்ற நஞ்சுநோய் வரலாம். பெரிய பிள்ளைக்கு மிளகு ரசம், பனங்கற்கண்டு போட்ட வெதுவெதுப்பான பால், கற்பூரவல்லி கஷாயம் எல்லாம் தொண்டைக்கு இதம். சளியை அவை விரட்டிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வாழைப்பழத்தையும் தயிரையும் நிறுத்த அவசியமில்லை. தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது.

காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால். ஒரு வேளைக்கு, எடை ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஆறு மணி நேர இடைவெளி. 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். தவறு நடப்பது இங்கேதான், ஏனென்றால் மருந்து பல அடர்த்திகளில் வருகிறது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 250 உள்ளது என்றால் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லிதான். சிரப் அளவை நினைத்துக்கொண்டு சொட்டு மருந்தில் 6 மில்லி கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். சமையலறை ஸ்பூனால் அளக்காதீர்கள்.

இருமல் சிரப் வேண்டாம். பலன் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தூக்கக் கலக்கம், படபடப்பு என்று பக்க விளைவுகள்தான் மிச்சம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்தது. அந்த அக்டோபரிலேயே மத்திய அரசின் சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது.

சில வீட்டுப் பழக்கங்களையும் விட வேண்டும். குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். சாம்பிராணிப் புகையும் கொசுவத்திப் புகையும் இருமலைக் கூட்டும். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய், நெஞ்சுத் தைலம் இரண்டும் இரண்டு வயதுக்குள் கூடாது; கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். கொதிக்கும் பாத்திரத்தின் முன் பிள்ளையைப் போர்வையால் மூடி ஆவி பிடிக்க வைப்பதில் சளி குறைகிறதோ இல்லையோ, வெந்துபோகும் ஆபத்து நிச்சயம்.

இனி மூச்சு. பிள்ளை தூங்கும்போதோ அழாமல் இருக்கும்போதோ சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒன்று என்று முழு 60 விநாடி எண்ணுங்கள். குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது என்பதால் அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்குவது சரிவராது. இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலம் பாய்வது, முனகுவது, பால் குடிக்க முடியாமல் துவளுவது, இதில் எது தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே காத்திருக்கக் கூடாது.

சளியே இல்லாமல், வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென இருமல் பிடித்தால் கடலை மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். இருமல் அடங்கினாலும் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தால் உள்ளே பாசிமணியோ புளியங்கொட்டையோ இருக்கும். நீங்களே தோண்டி எடுக்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது கொடுத்த மருந்துகளின் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சிரைப்பை முன்கூட்டியே செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் போனதும் பிள்ளை சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.