தோற்றதும் பேக் லைனைக் கலைக்காதீர்கள்

கால்பந்து சீசனின் முதல் சில ஆட்டங்களில் கோல் வாங்குகிற அணியைப் பார்த்து எனக்குக் கவலை வருவதில்லை. ஒருவனுக்கு நல்ல நாளாக அமைந்தால் கோல் போட்டுவிடலாம். கோலைத் தடுப்பதற்குப் பின்வரிசையில், அதாவது பேக் லைனில், நிற்கும் நாலைந்து பேர் ஒருவரோடு ஒருவர் பழகியிருக்க வேண்டும், அதற்கு ஆட்டங்கள் ஆக வேண்டும். அந்தப் பழக்கம் படிவதற்குள் கலைத்துவிடுகிற பயிற்சியாளர்களைப் பார்த்தால்தான் கவலை. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என எந்த மைதானத்துக்குப் போனாலும், புதிதாக அணி நடத்த வந்த தம்பிகள் நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்தை அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெனால்டி பாக்ஸுக்குள் கையைத் தூக்காதே, ஷின் கார்டு இல்லாமல் இறங்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை ரெஃப்ரியே சொல்லிக்கொடுத்துவிடுவார்.

## தோற்ற மறுநாளே ஸ்டாப்பரை மாற்றுவது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு எரிச்சல் வரும். ஓசூர் பக்கம் வேலைக்குப் போகிற பையன்கள் சேர்ந்து அமைத்த அணி ஒன்று. முதல் ஆட்டத்தில் நாலு கோல் வாங்கினார்கள். அதில் ஒன்றை நான் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்றே பார்த்தேன். எதிரணி கீப்பர் உதைத்த பந்து நடு மைதானம் தாண்டி விழுந்தது. வெயிலில் காய்ந்த செம்மண் தரை, பந்து ஆள் உயரத்துக்கு மேல் எழும்பியது. பின்வரிசையின் நடுவில் நிற்கும் இரண்டு ஸ்டாப்பர்களும் அண்ணாந்து பார்த்தார்கள், அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவில் புகுந்த ஃபார்வர்ட் பந்தை நெஞ்சில் வாங்கி உள்ளே தட்டிவிட்டான். அதற்குப் பிறகுதான் "அது உன் பந்துடா!" என்று இருவரும் கத்தினார்கள். அதற்குள் பயிற்சியாளர் தம்பி பெஞ்சில் இருந்தவனை ஓடிச் சூடேற்றச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு ஸ்டாப்பரும் புதுசு. மூன்று கோல். அதற்கடுத்த ஆட்டத்தில் லெஃப்ட் பேக்கை நடுவுக்கு இழுத்தார். பாதி சீசன் தாண்டும்போது அந்த அணியில் ஸ்டாப்பராக ஆடிப் பார்க்காதவர் கீப்பர் மட்டும்தான். வாங்கிய கோல்களோ முதல் நாள் வாங்கிய அதே ரகம்.

முதலில் ஆடிய இருவரிடமும் குறை இல்லை. ஒருவன் நல்ல உயரம், இன்னொருவனுக்கு நல்ல வேகம். எழும்பி வரும் பந்துக்கு யார் முன்னால் போவது, யார் பின்னால் இறங்கிக் காப்பது என்று யாரும் பேசி வைக்கவில்லை, அவ்வளவுதான். உயரமானவன் போகட்டும், வேகமானவன் நாலைந்து அடி பின்னால் இருக்கட்டும் என்று முடிவு செய்து மூன்று நான்கு ஆட்டம் விட்டிருந்தால் தானாகப் படிந்திருக்கும். பழகிய ஜோடி மாட்டை ஒவ்வொரு உழவுக்கும் பிரித்துப் பிரித்துப் பூட்டுகிறவரை நம் ஊரில் யாராவது விவரமானவர் என்று சொல்வார்களா?

நாலு பேர் வரிசையில் நடப்பது இதுதான். எதிரணி விங்கர் பந்தோடு வரும்போது லெஃப்ட் பேக் அவனை மறிக்க வெளியே போகிறான். அவன் விட்ட இடத்தை அந்தப் பக்கத்து ஸ்டாப்பர் நகர்ந்து அடைக்க வேண்டும். அவன் நகர்ந்தால் மற்ற ஸ்டாப்பரும் நகர வேண்டும், ரைட் பேக் உள்ளே ஒதுங்க வேண்டும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்தாக வேண்டும். பக்கத்தில் இருப்பவன் எப்போது பாய்வான், எப்போது தயங்குவான் என்று தெரிந்தவனால்தான் அது முடியும். புது ஆள் வந்தால் நாலு பேரும் மறுபடி அ, ஆவிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

2010 உலகக் கோப்பையில் ஸ்பெயின் முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் 0-1 என்று தோற்றது. பயிற்சியாளர் தெல் போஸ்கே பின்வரிசையில் கை வைக்கவே இல்லை. ராமோஸ், பிக்கே, புயோல், காப்தெவிலா ஆகிய நால்வரும்தான் ஏழு ஆட்டங்களையும் தொடங்கினார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு ஸ்பெயின் வாங்கியது ஒரே ஒரு கோல், சிலியிடம். நாக் அவுட் சுற்றில் நாலு ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை.

"2022-ல் அர்ஜென்டினா சவுதியிடம் தோற்றதும் பின்வரிசையில் மூன்று பேரை மாற்றி, கடைசியில் கோப்பையே வாங்கியதே" என்று ஒரு தம்பி மடக்கினார். சரிதான். ஆனால் அவர்கள் பெஞ்சில் லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ் மாதிரி தேர்ந்த ஸ்டாப்பர் உட்கார்ந்திருந்தார். நம் பெஞ்சில் இருப்பவன் போன வாரம் வரை விங்கில் ஆடியவன்.

மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. அடிபட்டால், பயிற்சிக்கே வராவிட்டால், முன்னால் போனவன் திரும்பி ஓடி வர மறுத்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஒரு சமயத்தில் ஒருவரை மாற்றுங்கள், அதிலும் ஓரத்து ஆளாக இருந்தால் நல்லது. நடு ஜோடியைக் கடைசி வரை தொடாதீர்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: சிப்காட் ஷிப்ட். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் நைட் என்று மாறிக்கொண்டே இருக்கும். நைட் முடித்துவிட்டுக் கண் சிவக்க வருகிறவனை ஞாயிறு காலை இறக்க முடியாது. அதனால் ஸ்டாப்பர் ஜோடியை எடுக்கும்போதே ஒரே ஷிப்ட் சுற்றில் இருக்கும் இருவராகப் பார்த்து எடுங்கள். வந்தால் இருவரும் வருவார்கள், வராவிட்டால் இருவரும் வரமாட்டார்கள். வராத வாரத்துக்கு இன்னொரு நிலையான ஜோடி. திறமையில் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை.

## முதல் மாதமே ஆஃப்சைடு ட்ராப்

அர்ஜென்டினாவைக் கவிழ்த்த அந்த ஆட்டத்தில் சவுதி பின்வரிசை மேலே ஏறி நின்றதில், முதல் பாதியில் மட்டும் மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று ரத்தாயின. பந்து பாஸாகும் நேரத்தில் பின்வரிசை மொத்தமும் ஒன்றாக மேலே ஏறி, எதிரணி ஃபார்வர்டைத் தங்களுக்குப் பின்னால் ஆஃப்சைடில் சிக்க வைப்பதுதான் ஆஃப்சைடு ட்ராப். அதைப் பார்த்ததிலிருந்து நம் பையன்களுக்கு ஒரே ஆசை. அங்கே வீடியோ பார்த்துச் சொல்ல ஆள் இருந்தார்கள். இங்கே பல ஆட்டங்களில் கொடி பிடித்திருப்பவன் எதிரணியின் மாற்று ஆட்டக்காரன், அவன் கொடி எப்போது ஏறும் என்று நினைக்கிறீர்கள்? நால்வரில் ஒருவன் அரை நொடி பிந்தினாலே போதும், ஃபார்வர்ட் தனியாகக் கீப்பர் முன்னால் நிற்பான். சட்டமும் முழுசாகத் தெரிவதில்லை. த்ரோ இன், கோல் கிக், கார்னர் மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. த்ரோ இன்னுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பேக்கை வாரம் ஒருவராவது பார்த்துவிடுகிறேன். சீசனின் பின் பாதியில், ஜோடி படிந்த பிறகு முயன்று பாருங்கள்.

## கோல் கிக்கை பாக்ஸுக்குள்ளேயே தட்டுவது

பாக்ஸுக்குள் நிற்கும் சொந்த ஆளே அந்தப் பந்தை வாங்குவதை 2019-லிருந்து சட்டம் அனுமதிக்கிறது. குண்டும் குழியுமான தரை அனுமதிக்காது.

## பந்தை மட்டுமே பார்ப்பது

வலப்பக்கம் பந்து இருக்கிறது என்று நாலு பேரும் அங்கேயே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். க்ராஸ் தலைக்கு மேலே பறந்து இடது போஸ்டுக்கு வரும்போது அங்கே ஒருவன் தனியாக நிற்பான். தூரத்து பேக் உடம்பைப் பாதி திருப்பி நிற்க வேண்டும், பந்தும் தெரிய வேண்டும், தன் ஆளும் தெரிய வேண்டும். கண் மட்டும் போதாது, அவ்வப்போது கையை நீட்டி ஆள் இருக்கிறானா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிடிக்கக் கூடாது, தொட்டால் போதும்.

## செம்மண்ணில் ஸ்லைடிங்

சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கப் பார்த்தால் முட்டித் தோல் போகும், எதிரணி ஆளும் தாண்டிப் போய்விடுவான். நின்று மறியுங்கள்.

## கோல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது

போன ஆட்டத்தில் நாலு, இந்த ஆட்டத்தில் ரெண்டு, தேறிவிட்டோம் என்று துள்ளுவது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வரி: பந்தை எங்கே இழந்தோம், எந்தப் பக்கம் வந்தது, க்ராஸா, நடுவில் பிளந்த பாஸா, கார்னரா, யார் யாருக்கு நடுவில் புகுந்தது. சில ஆட்டங்கள் கழித்துப் புரட்டினால் ஒரே ரகக் கோல் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்த வாரப் பயிற்சியில் அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ரகம் நின்று புது ரகத்தில் கோல் வர ஆரம்பித்தால், எண்ணிக்கை குறையாவிட்டாலும் பின்வரிசை தேறிக்கொண்டுதான் இருக்கிறது. எதிரணி யார் என்பதையும் அதே வரியில் குறித்து வையுங்கள், கடைசி இடத்து அணியிடம் கோல் வாங்காததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.