நியூயார்க்கில் கேபரே கேட்கப் போகிறவர்களுக்கு

கேபரே என்றால், சாப்பாட்டு மேஜைகளில் உட்கார்ந்தபடியே சின்ன மேடையில் கேட்கும் பாட்டு நிகழ்ச்சி. அதற்கு முதலில் ஒரு திங்கட்கிழமை இரவைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். பிராட்வேயின் பெரிய நாடக அரங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அன்று விடுமுறை. அங்கே பாடுகிறவர்கள் சின்ன மேடைக்கு வர அன்றுதான் வசதி. 54-வது தெருவில், ஒரு காலத்தில் டிஸ்கோ நடன விடுதியாக இருந்த ஸ்டூடியோ 54-இன் அடித்தளத்தில் 2012-இல் திறந்த ‘54 பிலோ’ கிளப்தான் என் முதல் சிபாரிசு. ஜாஸ் வேண்டுமென்றால் 44-வது தெருவின் பேர்ட்லேண்ட் கிளப்.

டிக்கெட் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். சாப்பாடு, பானத்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சத் தொகை தனியாக உண்டு. அதற்கு மேல் வரி, டிப்ஸ்.

கதவு திறந்ததும் போய்ச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். மெல்லிய பாட்டின் நடுவே முள்கரண்டி தட்டில் உரசினால் மேடைவரை கேட்கும். தனியாகப் போனால் பார் இருக்கையே போதும். மேஜை கிடைத்தால், பியானோ கட்டைகள் தெரிகிற பக்கமாகக் கேட்டு வாங்குங்கள். பாடகி அடுத்த வரிக்கு மூச்சு இழுக்கும்போது, வாசிப்பவர் விரலை நிறுத்தி அவர் முகத்தையே பார்த்துக் காத்திருப்பார். அதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்! பாட்டுகளுக்கு இடையே பாடகி சொல்லும் கதையையும் விடாதீர்கள், கேபரேயில் அதுவும் கச்சேரிதான். அப்புறம், கைபேசியை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள்.