மெலாங்க்தனின் ‘லோச்சி கம்யூனஸ்’ நூலை வாசிக்கும் முறை

லூத்தரன் (மார்ட்டின் லூத்தரின் வழிவந்த புராட்டஸ்டன்ட்) இறையியலை முதன்முதலில் முறைப்படுத்திய இந்நூலை (‘பொதுத் தலைப்புகள்’ என்பது பெயரின் பொருள்), லூத்தரின் உடனுழைப்பாளரான பிலிப் மெலாங்க்தன் 1521இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் வெளியிட்டபோது அவருக்கு வயது 24 மட்டுமே. பைபிளின் புதிய ஏற்பாட்டில் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தைக் (கடிதத்தைக்) குறித்து அவர் நடத்திய பாடங்களிலிருந்தே இது உருவானதால், முதலில் அந்த நிருபத்தை ஒரே அமர்வில் வாசித்து முடியுங்கள். பாவம், நியாயப்பிரமாணம், சுவிசேஷம், கிருபை, விசுவாசம் என்னும் தலைப்புகளின் வரிசை எங்கிருந்து வந்தது என்பது அப்போது தானாகவே விளங்கும்.

அடுத்து, 1521ஆம் ஆண்டுப் பதிப்பையே கையில் எடுங்கள். திரித்துவம் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராயிருக்கும் ஒரே கடவுள்) போன்ற மறைபொருள்களை ஆராய்வதைவிட வணங்குவதே மேல் என்று கருதி அவற்றை அதில் விரித்துரைக்காமல் விட்ட மெலாங்க்தன், கிறிஸ்துவை அறிவதென்பது அவர் அருளும் நன்மைகளை அறிவதே என்று எழுதுகிறார். என் பார்வையில் நூலின் உயிர்நாடி இதுதான். இங்கே அவசரப்படாமல் நிறுத்தி வாசியுங்கள்.

பிறகு 1535, 1559 பதிப்புகளுடன் ஒப்பிடுங்கள். திரித்துவம் சேர்க்கப்பட்டிருக்கும், அதைவிட முக்கியமாக, மனித சித்தத்தின் சுதந்தரத்தை முன்பு கடுமையாக மறுத்தவர், மனந்திரும்புதலில் அதற்கும் ஓர் இடமளித்திருப்பார். இந்த மாற்றம் கிளப்பிய சர்ச்சைக்கும் 1577இன் ‘ஒப்புரவு வாய்பாடு’ (Formula of Concord) என்னும் லூத்தரன் விசுவாச அறிக்கை விடையளிக்க முயன்றது.

கடைசியாக, பிற்கால லூத்தரன் இறையியலாளர்களான மார்ட்டின் கெம்னிட்ஸ், யோஹான் கெர்ஹார்ட் ஆகியோரின் பெருநூல்களைப் புரட்டினால், அதே தலைப்பு முறை நூற்றாண்டு கடந்தும் தொடர்வதைக் காணலாம்.