செக்கர் சொல்வது விளங்க வேண்டுமே: பைதனில் பிழைச் செய்தி எழுதுவது எப்படி?

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் நாலைந்து பேருக்குப் பைதன் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்காக, கோடைக் கூறுகூறாகப் பிரித்துத் தரும் ஏஎஸ்டி (ast) மொடியூலை வைத்து, கோடில் பிழை தேடும் ஒரு சின்னச் செக்கர் எழுதினேன். பிழையை வடிவாகத்தான் பிடித்தது, ஆனால் சொன்னது இவ்வளவுதான்: "வரி 12: தவறான டிஃபோல்ட்". "எந்த டிஃபோல்ட் அண்ணா, அதில் என்ன தவறு?" என்று ஒருத்தி கேட்டாள். பதில் என் தலைக்குள் இருந்தது, திரையில் இல்லை.

அவள் எழுதியது மாம்பழக் கடைக் கணக்கு. ஃபங்ஷனின் தலைவரியில் கடை="யாழ்ப்பாணம்", பட்டியல்=[] என்று இருந்தது. அழைக்கும்போது மதிப்பு எதுவும் கொடுக்காவிட்டால் ஃபங்ஷன் எடுத்துக்கொள்ளும் மதிப்புகள் இவை, இவற்றைத்தான் டிஃபோல்ட் என்கிறோம். அந்த வெறும் லிஸ்ட், ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரேயொரு தடவைதான் உருவாகும். ஆகவே முதல் தடவை சேர்த்த கறுத்தக்கொழும்பான், அடுத்த தடவை வெள்ளைக்கொழும்பானைச் சேர்க்கும்போதும் உள்ளேயே குந்திக்கொண்டிருக்கும். சரி, செய்தியைத் திருத்துவோம்.

படி 1: பெயரைச் சொல்லுங்கள். எந்த அளவுரு என்பது செக்கருக்குத் தெரியும், அந்த நோடிலேயே (ஏஎஸ்டி பிரித்துத் தரும் கூறு) பெயர் இருக்கிறது. எடுத்துச் செய்திக்குள் போடுங்கள்.

படி 2: என்ன நடக்கும், என்ன செய்யலாம் என்று இரண்டையும் எழுதுங்கள். நான் மாற்றி எழுதியது இது:

"வரி 12: 'பட்டியல்' என்ற அளவுருவின் டிஃபோல்ட் ஒரு லிஸ்ட். அது எல்லா அழைப்புக்கும் பொதுவாக இருக்கும், முன்பு சேர்த்தவையும் அதில் கிடக்கும். டிஃபோல்ட்டை நன் (None) என்று வைத்து, அது நன் ஆகவே இருந்தால் ஃபங்ஷனுக்குள் புதிய லிஸ்ட் உருவாக்குங்கள்."

நீளம்தான், பரவாயில்லை. ஆனால் சிலர் வேண்டுமென்றே அப்படி எழுதுவார்கள், அதனால் "பிழை" என்று அடித்துச் சொல்லாமல் "கவனிக்க" என்று தொடங்குவது நல்லது.

படி 3: இடத்தைச் சரியாகக் காட்டுங்கள். தமிழில் கோட் எழுதுகிறவர்கள் மாட்டுப்படுவது இங்கேதான். ஏஎஸ்டி வரியை 1இலிருந்து எண்ணும், நிரலை (வரிக்குள் எத்தனையாவது இடம் என்பதை) 0இலிருந்து எண்ணும், அதுவும் எழுத்தை அல்ல, எழுத்தைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இன் பைட்டை. "யாழ்ப்பாணம்" நம் கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோடில் 11 குறி, பைட்டிலோ 33. அந்த எண்ணை அப்படியே நம்பி இடைவெளி போட்டு அடியில் ஓர் அம்புக்குறி வைத்தேன், அது பட்டியலையும் தாண்டி வெளியில் எங்கேயோ போய் நின்றது! வரியை முதலில் பைட்டாக மாற்றி, அந்த எண் வரைக்கும் வெட்டி, திரும்ப எழுத்தாக்கினால் எண்ணிக்கை சரிவரும். அப்போதும் டெர்மினலில் தமிழ் எழுத்துகளின் அகலம் ஒரேமாதிரி இராது, அம்பு கொஞ்சம் ஆடும். நான் அம்பையே விட்டுவிட்டேன். பைதன் 3.8இலிருந்து ஏஎஸ்டியில் கெட் சோர்ஸ் செக்மென்ட் (get_source_segment) என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, நோடுக்குரிய கோட் துண்டை அப்படியே எடுத்துத் தரும், பைட் கணக்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அந்தத் துண்டைச் செய்தியின் அடியில் அச்சிட்டால் போதும்.

பைதனே இந்த விஷயத்தில் பிந்தித்தான் திருந்தியது. அடைப்புக்குறியை மூட மறந்தால், முன்பு பெரும்பாலும் அடுத்த வரியைக் காட்டி இலக்கணப் பிழை என்று மட்டும் சொல்லும். 2021இல் வந்த 3.10தான் திறந்த குறியையே காட்டி, இது மூடப்படவில்லை என்று சொல்லத் தொடங்கியது.

படி 4: செய்தியை மட்டும் ஒருவரிடம் காட்டுங்கள், கோடை அல்ல. நான் அதே பிள்ளையிடம் காட்டினேன். "நன் என்று வைத்தால், உள்ளே எங்கே லிஸ்ட்டை உருவாக்குவது?" என்று கேட்டாள். "ஃபங்ஷனின் முதல் வரியிலேயே" என்று மூன்று சொல் கூடச் சேர்த்தேன்.