கறையைத் துடைக்கும் முன்: மனநல நோயாளிகளின் கலையைச் சேகரிப்பவர்கள் செய்யும் தவறுகள்

மனநல மருத்துவமனையின் பழைய கோப்பு ஒன்றில் பென்சிலால் கருகருவென்று தீட்டிய தாள் கிடைக்கிறது. படமா எழுத்தா என்றே தெரியவில்லை. குப்பைக் கூடைக்குப் போய்விடும், இல்லையா? 1909-இல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் மனநல மருத்துவமனையில் இருந்த எம்மா ஹவுக் கணவருக்கு எழுதிய கடிதங்கள் இப்படித்தான் இருக்கும். ‘அன்பே, வா’ என்ற அழைப்பையே வரிமேல் வரியாக எழுதிப் பக்கத்தையே கறுப்பாக்கியிருக்கிறார். ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் என்ற மருத்துவர் 1919 முதல் 1921 வரை சேர்த்த சுமார் 5,000 படைப்புகளால் புகழ்பெற்ற தொகுப்பில் அந்தக் கடிதங்களும் இருக்கின்றன. அழகானதை மட்டும் பொறுக்குகிறவர் கையில் அவை தப்பியிருக்காது.

அடுத்த தவறு, சுத்தம் செய்யும் ஆசை. அதே தொகுப்பில் தையல்காரர் ஆக்னஸ் ரிக்டரின் மேல்சட்டை இருக்கிறது. மருத்துவமனைத் துணியில் தானே தைத்து, உள்ளும் புறமும் நூலால் எழுதி நிரப்பியது. அதில் வியர்வைக் கறை இன்னும் உண்டு. துவைத்து இஸ்திரி போட்டால், அவர் அதை உடுத்தியதற்கான சாட்சி போய்விடும்.

தாளுக்கும் இதே கதைதான். கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் அதன் பசை பழுத்து தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், பிரித்தெடுக்கவே வராது. கரி, சாக்பீஸ் ஓவியங்களை பிளாஸ்டிக் உறையில் போட்டால் தூள் உறையோடு வந்துவிடும். அமிலம் இல்லாத தாள் உறை, இருட்டான உலர்ந்த அலமாரி போதும். அட்டையில் முழுதாக ஒட்டுவதும் வேண்டாம். கிடைத்த படிவத்தின் முதுகில் வரைந்தவர்கள் ஏராளம். படத்தின் தேதியே பின்பக்கத்தில் இருக்கலாம்.

படத்துக்கு அடியில் நோயின் பெயரை எழுதுவதுதான் எனக்கு ஆகவே ஆகாது. அதைப் படித்தவர் பிறகு படத்தின் கோடுகளைப் பார்ப்பதில்லை, கோளாறைத் தேடுகிறார். நாஜிகள் 1938-இல் பிரின்ஸ்ஹார்ன் தொகுப்பின் படங்களைத் தங்கள் ‘சீரழிந்த கலை’ கண்காட்சியில் வைத்ததும் இதற்குத்தான்: நவீன ஓவியர்களைப் பைத்தியம் என்று கேலிசெய்ய. அந்தத் தொகுப்பின் ஓவியர்களில் ஒருவரான ஃபிரான்ஸ் கார்ல் பூலரை 1940-இல், நோயாளிகளைக் கொல்வதற்கென்றே நாஜிகள் நடத்திய கிராஃபெனெக் மையத்தில் கொன்றார்கள். இந்தப் படைப்புகளைப் பற்றி பிரின்ஸ்ஹார்ன் எழுதிய நூலில் அவர் வெறும் ‘போல்’ (Pohl) என்ற மாற்றுப் பெயர்தான். பெயரை மறைப்பது அடையாளத்தைக் காக்கும், படைத்தவரை அழிக்கவும் செய்யும். உயிரோடு இருப்பவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சிகிச்சைக்காகப் போட்ட கையெழுத்தைக் கலைக்கான சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாளும் வண்ணமும் மருத்துவமனை தந்தது என்பதால் படம் மருத்துவமனையுடையது ஆகிவிடாது. வைத்திருக்க, காட்ட, அச்சிட, விற்க என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். மனநிலை தெளிந்திருக்கும்போது மறுபடியும் கேளுங்கள். வாங்கியதற்கு ரசீது கொடுங்கள். நாளைக்கு அவரே வந்து “என் படத்தைக் கொடுங்க” என்றால், எடுத்துக் கொடுக்கிற மாதிரி பட்டியல் இருக்க வேண்டும்.