சூடு தணிக்கிறேன் என்று சூட்டைக் கூட்டிக்கொள்ளாதீர்கள்

வட சென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் சித்திரை பிறந்துவிட்டால் கண் எரிச்சல், நீர்க்கடுப்பு, வாய்ப்புண், வேனல் கட்டி எது வந்தாலும் பேர் ஒன்றுதான்: சூடு. உடனே இளநீர்க் கடையைத் தேடுவோம். அதில் தப்பில்லை. ஆனால் இதைப் பித்தம் மிகுந்த நிலையாகப் பார்க்கும் ஆயுர்வேதம் முதலில் சொல்வது வேறு: எது பித்தத்தை ஏற்றியதோ அதை நிறுத்து. நிதான பரிவர்ஜனம் என்பார்கள். புளிப்பு, உப்பு, காரம் பித்தத்தை ஏற்றும். இனிப்பு, கசப்பு, துவர்ப்பு இறக்கும்.

இந்தக் கணக்கோடு கூழ் வண்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். கேழ்வரகுக் கூழ், மோர், சின்ன வெங்காயம், எல்லாம் சரி. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய் ஊறுகாய், கருவாடு என்று வரிசை கட்டினால் குடித்த கூழுக்கு என்ன வேலை? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் நிற்க, பல வீடுகளில் கருவாட்டுப் பானை இறங்கும். கருவாட்டை விடச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? தினமும் வேண்டாம், அவ்வளவுதான். சாயங்காலம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டால் ராத்திரி காரக் குழம்பை ஒத்திப்போடுங்கள்.

தயிர் விஷயம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். தொட்டால் ஜில்லென்று இருக்கிறதே தவிர, ஆயுர்வேதத்தில் தயிர் உஷ்ண வீரியம், அதாவது உள்ளே போனால் சூட்டைக் கூட்டும். இரவில் கூடாது, கோடையிலும் தவிர்க்கச் சொல்கிறார்கள். வெண்ணெய் எடுத்து நிறைய நீர் விட்ட, புளிக்காத மோர் பரவாயில்லை. வெந்தயமும் அப்படியே: பாட்டி வைத்தியத்தில் குளிர்ச்சி, ஆயுர்வேதத்தில் உஷ்ணம். முழுங்கிய பிறகு எரிச்சல் கூடுகிறது என்றால் விட்டுவிடுங்கள். ராத்திரி ஊறவைத்த கொத்தமல்லி விதைத் தண்ணீர், நன்னாரி, வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர் போதும். சர்க்கரை நோயாளிகள் கடை நன்னாரி சர்பத்தைத் தொட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது. அதில் பொட்டாசியம் அதிகம்.

வெயிலில் வந்த வேகத்தில் ஐஸ் தண்ணீரும் வேண்டாம், தலைக்குக் குளியலும் வேண்டாம். வியர்வை அடங்கட்டும்.

விடியும் முன்பே மீன் ஏலத்துக்கு எழுகிறவர்கள், ராத்திரி ஷிப்ட் போகிறவர்கள் வெறும் வயிற்றில் டீ மேல் டீ குடித்தே காலம் தள்ளுகிறார்கள். இவர்களுக்கென்றே அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலில் ஒரு வழி இருக்கிறது: ராத்திரி கண் விழித்திருந்த நேரத்தில் பாதி அளவைக் காலையில், சாப்பிடும் முன் தூங்கிவிட வேண்டும். பகல் தூக்கம் கூடாது என்கிற அதே ஆயுர்வேதம் கோடையில் அதை அனுமதிக்கவும் செய்கிறது.

எல்லாவற்றையும் சூட்டுக் கணக்கில் எழுதுவதுதான் பெரிய தப்பு. நீர்க்கடுப்போடு காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் போங்கள். வெயிலில் வேலை செய்தவர் உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். இங்கே வியர்வை அடங்கக் காத்திருக்கக் கூடாது. நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.