நன்றாகப் பாடம் நடத்துகிறீர்கள், அதற்குச் சான்று? ஃபெலோஷிப் விண்ணப்பம் எழுதும் வழி

ஆய்வுக் கட்டுரை எழுதினால் அதற்கு மேற்கோள் கணக்கு உண்டு, சஞ்சிகையின் பெயர் உண்டு. பாடம் நடத்துவதற்கு? செமஸ்டர் முடிவில் மாணவர் கருத்துக்கணிப்பில் ஐந்துக்கு நாலே சொச்சம் என்று ஓர் எண் வரும், அவ்வளவுதான். சிங்கப்பூரில் மாலை வகுப்பு எடுக்கும் பகுதிநேர விரிவுரையாளர்கள் பலர் அந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அதைத் தாண்டி, வெளியார் ஒருவர் படித்துப் பார்த்துத் தரும் சான்று வேண்டுமானால் அட்வான்ஸ் எச்இ ஃபெலோஷிப் நல்ல தொடக்கம். பெயருக்குப் பின்னால் எஃப்எச்இஏ என்று சிலர் போட்டுக்கொள்கிறார்களே, அதுதான். அட்வான்ஸ் எச்இ 2018-இல் பிரிட்டனில் உருவான உயர்கல்வி அமைப்பு. ஃபெலோஷிப் அதற்கு முன்பிருந்த ஹையர் எஜுகேஷன் அகாடமி காலத்திலிருந்தே வருவது. உதவித்தொகை என்று நினைத்து வந்திருந்தால் மன்னிக்கவும், இதில் பணம் நாம்தான் கட்ட வேண்டும்.

படி 1: எந்த நிலை என்று முடிவு செய்யுங்கள்

நான்கு நிலைகள் உள்ளன: அசோசியேட் ஃபெலோ, ஃபெலோ, சீனியர் ஃபெலோ, பிரின்சிபல் ஃபெலோ. இது பதவி ஏணி இல்லை. முனைவர் பட்டம் இருக்கிறதா, எத்தனை வருட சர்வீஸ் என்பதை வைத்து நிலை அமைவதில்லை. நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டே டுடோரியல் எடுப்பவருக்கும், ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு வழிகாட்டுபவருக்கும் அசோசியேட் பொருந்தும். பாடத்தைத் திட்டமிட்டு, நடத்தி, மதிப்பிட்டு, மாணவர்களுக்குத் துணையாகவும் இருந்தால் ஃபெலோ. மற்ற ஆசிரியர்களை வழிநடத்துபவர் சீனியர். பல்கலைக்கழக அளவில் கற்பித்தலின் போக்கையே மாற்றுபவர் பிரின்சிபல். தொடங்குபவர்கள் முதல் இரண்டைப் பார்த்தால் போதும்.

பகுதிநேரம் என்பதாலேயே அசோசியேட்டில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். வினாத்தாளும் நீங்களே தயாரித்து, திருத்தி, கருத்தும் எழுதுகிறீர்கள் என்றால் ஃபெலோ நிலையை யோசிக்கலாம்.

படி 2: சட்டகத்தை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள்

விண்ணப்பத்தை அளக்கும் கோல், தொழில்முறைத் தரச் சட்டகம் என்ற சிறிய ஆவணம். முதலில் 2006-இல் வந்தது, 2011-இல் திருத்தப்பட்டது, இப்போது நடப்பில் இருப்பது 2023 பதிப்பு. இணையத்தில் பழைய பதிப்பை வைத்து எழுதிய மாதிரிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, கவனம்.

அதில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து. ஏ வரிசை செய்யும் வேலைகள்: திட்டமிடல், கற்பித்தல், மதிப்பீடும் பின்னூட்டமும், மாணவருக்கு வழிகாட்டல், தன்னை வளர்த்துக்கொள்ளல். கே வரிசை அந்த வேலைக்குப் பின்னால் இருக்கும் அறிவு. வி வரிசை விழுமியங்கள். ஃபெலோ என்றால் பதினைந்தும் வேண்டும். அசோசியேட்டுக்கு ஏ வரிசையில் குறைந்தது இரண்டு போதும்.

பலரும் திணறுவது வி4-இல்: உயர்கல்வி இயங்கும் பரந்த சூழலுக்கு ஏற்ப நீங்கள் என்ன செய்தீர்கள்? சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது உண்மையில் எளிது. 2015-இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்குப் பயிற்சிக் கட்டணத்துக்கென 4,000 வெள்ளி கூடுதலாகக் கிடைத்தது. உங்கள் வகுப்பில் ஐம்பது வயதுக்காரரும் இருபத்திரண்டு வயதுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்களா? அதற்காகப் பாடத்தில் எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள், அதுதான் வி4.

படி 3: உங்கள் பல்கலைக்கழகத்தில் முதலில் கேளுங்கள்

என்யுஎஸ்-இல் சிடிஎல்டி, என்டியு-வில் இன்ஸ்பயர், எஸ்எம்யு-வில் சென்டர் ஃபார் டீச்சிங் எக்ஸலன்ஸ் என்று ஒவ்வோர் இடத்திலும் கற்பித்தல் மேம்பாட்டுக்கு ஒரு மையம் இருக்கிறது. ஃபெலோஷிப்புக்கு உள்ளேயே ஏற்பாடு உண்டா, நேரடியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டுமா என்று அங்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

படி 4: சான்றுகளைச் சேருங்கள்

எழுதத் தொடங்கும் முன் ஒரு ஃபோல்டர் திறந்து கையில் இருப்பதையெல்லாம் அதில் போடுங்கள்: பாடத்திட்டம், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் இருந்த வினாத்தாள், மாணவர் எழுதிய கருத்துகள், சக ஆசிரியர் வகுப்பைப் பார்த்துவிட்டுச் சொன்ன குறிப்பு. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் செய்ததாக இருந்தால் நல்லது. பத்து வருடத்துக்கு முந்தைய சாதனையை விட்டுவிடுங்கள். கருத்துக்கணிப்பு எண்ணை மட்டும் வைத்தால் எடுபடாது. மாணவர் பெயர், மெட்ரிக் எண் எதுவும் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பிய மாணவரின் வாட்ஸ்அப் செய்தி மனத்துக்கு இதம்தான், சான்றாகாது.

இதுவரை யாரும் உங்கள் வகுப்பைப் பார்த்ததில்லை என்றால் இந்த செமஸ்டரிலேயே ஒருவரை அழையுங்கள்.

படி 5: எழுதுங்கள், ‘நான்’ என்று எழுதுங்கள்

நம்மவர்கள் சறுக்கும் இடம் இதுதான். என்னோடு பணிபுரியும் ஓர் இளம் விரிவுரையாளர் தன் வரைவைக் கொண்டுவந்தார். எல்லா வாக்கியமும் ‘நாங்கள்’. அந்த மாட்யூலை வடிவமைத்தது அவர்தான், எனக்குத் தெரியும். கேட்டால், “நான் நான்னு எழுதினா அலட்டிக்கிற மாதிரி இருக்கு அக்கா” என்கிறார்.

தற்புகழ்ச்சி கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், சரி. ஆனால் அதைச் சொன்ன நன்னூலே விலக்கும் கொடுத்திருக்கிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவிலும் புலவர் தன்னைப் புகழலாம் என்கிறார் பவணந்தி முனிவர். உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத மதிப்பீட்டாளருக்கு எழுதும் விண்ணப்பம் இந்த இரண்டிலும் அடங்கும்.

சரி, எப்படி எழுதுவது? பெரும்பாலும் வருவது இப்படி:

“என் வகுப்பில் மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்கப் பலவிதப் புதுமையான உத்திகளைக் கையாளுகிறேன். நல்ல வரவேற்பு கிடைத்தது.”

இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மாலை வகுப்பு எடுக்கும் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொண்டு மாற்றிப் பார்ப்போம்:

“என் புள்ளியியல் வகுப்பு மாலை ஏழு மணிக்கு. பெரும்பாலோர் வேலை முடிந்து நேரே வருபவர்கள், கணக்கை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்கள். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டினார்கள். அதனால் வகுப்பு முடியும் முன் பெயர் போடாமல் ஒரு சிறு தாளில் எது புரியவில்லை என்று எழுதச் சொன்னேன். மூன்றாம் வாரத் தாள்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பி-மதிப்பு. அடுத்த வாரம் சூத்திரத்தை ஒதுக்கிவிட்டு நாணயம் சுண்டும் பயிற்சியோடு தொடங்கினேன். முந்தைய செமஸ்டரில் அந்தக் கேள்விக்குப் பாடக்குறிப்பை ஒப்பித்தவர்களே அதிகம். இந்த முறை பலர் சொந்தச் சொற்களில் விளக்கியிருந்தார்கள்.”

மாணவர் யார், ஏன் மாற்றினேன், என்ன செய்தேன், என்ன ஆயிற்று என்ற நான்கும் வந்துவிட்டன. ஏ2, ஏ3, கே3 (தன் கற்பித்தலைத் தானே அலசிப் பார்ப்பது), வி1 (விதவிதமான மாணவர்களை மதிப்பது) ஆகியவற்றை இதற்கு நேரே குறித்துக்கொள்ளலாம். கற்றல் நடக்கும்போதே மதிப்பிட்டு, அதை வைத்துக் கற்பித்தலை மாற்றுவது பற்றி பிளாக், வில்லியம் இருவரும் 1998-இல் எழுதிய கட்டுரையை ஒரு வரியில் சேர்த்தால் வி3-க்கும் (ஆய்வு போன்ற சான்றுகளை அடிப்படையாகக் கொள்வது) வழி கிடைக்கும். அப்படி ஒரு கருத்து உங்கள் முடிவை எங்கே மாற்றியது என்று காட்ட முடிந்தால் மட்டும் மேற்கோள் போடுங்கள். இருபது பெயரை அடுக்கினால் ஆய்வேடு மாதிரி ஆகிவிடும்.

ஏ5-க்குப் போன பயிலரங்குகளைப் பட்டியல் போடுகிறவர்களே அதிகம். ஒரே ஒரு பயிலரங்கை எடுத்து, அங்கிருந்து வந்த பிறகு வகுப்பில் என்ன மாறியது என்று சொல்லுங்கள். போதும்.

படி 6: பரிந்துரைப்பவர்கள்

ஃபெலோ நிலைக்கு இருவர் வேண்டும். பெரிய பதவியில் இருப்பவரைத் தேடிப் போகாமல் உங்கள் வகுப்பை நேரில் அறிந்தவரைக் கேளுங்கள். அவரிடம் உங்கள் வரைவைக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் சொல்வதும் அவர் சொல்வதும் ஒத்துப்போக வேண்டுமே.

அப்புறம், உள்ளூர் விருதுகள்

ஃபெலோஷிப்பில் போட்டி இல்லை, தரத்தை எட்டினால் கிடைக்கும். என்யுஎஸ்-இன் ஆண்டு கற்பித்தல் சிறப்பு விருது, என்டியு-வின் நன்யாங் கல்வி விருது போன்றவற்றில் போட்டி உண்டு. ஆனால் அவற்றுக்குத் தயாரிக்கும் கற்பித்தல் தொகுப்புக்கும் இதே ஃபோல்டர் உதவும். என்யுஎஸ்-இன் கல்வியாளர் பிரிவு போல, கற்பித்தலை வைத்தே பதவி உயர்வு பார்க்கும் இடங்களில் இது இன்னும் முக்கியம்.

கட்டணம் சும்மா இல்லை. துறை ஏற்றுக்கொள்ளுமா என்று முதலில் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு கட்டுங்கள். பகுதிநேரத்தினரும் கேளுங்கள். கிடைக்காது என்று நாமாகவே நினைத்துக்கொண்டு கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.